ரெண்டு வரிசை லைட்டு

கண்டக்டர்கிட்ட சொல்லிப் பிரயோசனமில்ல சார். நான் மாசம் ஒரு தடவ இந்த ரூட்டுல போறவன், எல்லா வண்டியிலயும் சொல்லிப் பார்த்துட்டேன். பாட்டைக் குறைங்கன்னா குறைப்பாங்க, அடுத்த ஸ்டாப்பு தாண்டினதும் டிரைவர் கூட்டிருவாரு. சத்தம்கூடப் பரவாயில்ல. உங்க தலைக்கு மேல இருக்கு பாருங்க ஒரு ஸ்பீக்கர், அதுல உள்ள பேப்பர் கிழிஞ்சிருக்கு. பாட்டுக்கு அடியில 'ர்ர்ர்'னு ஒன்னு ஓடுது, கேக்குதா? கேக்கலையா? குடுத்து வச்சவர் நீங்க. எனக்குச் சோத்துல மணல் கடிபட்ட மாதிரி இருக்கு.

தொழில் அப்படி சார். மைக் செட்டு. மாடக்கண்ணு சவுண்ட் சர்வீஸ்னு ராஜபாளையத்துல கேட்டா சொல்லுவாங்க. முப்பத்தெட்டு வருசம் ஆச்சு. அஞ்சாம் வகுப்போட பள்ளிக்கூடம் என்னை விட்டுருச்சு, படிப்பு மண்டையில ஏறல. ஆனா காது மட்டும் எங்க இருந்தோ வந்துருச்சு. மேடையில கிடார்க்காரன் ஒரு கம்பியை ஒரு நூல் இறக்கி வச்சிருந்தா, ரோட்டு முனையில டீ குடிச்சிட்டு இருந்தாலும் எனக்குத் தெரிஞ்சிரும். டீயை வச்சிட்டுப் போய்த் திட்டிட்டு வருவேன்.

இந்தப் பெட்டியா? இது லிமிட்டர். மதுரையில வாங்கிட்டு வரேன். அல்வாவான்னு கேக்காம இருந்தீங்களே, போன சீட்டுக்காரர் அப்படித்தான் கேட்டாரு. கச்சேரியில சத்தம் ஒரு அளவுக்கு மேல போகாம மறிக்கிற சாமான் சார் இது. நம்ம ஒரு அளவு வச்சு விட்டுட்டா, சத்தம் அதுவரைக்கும் வரும், அதுக்கு மேல விடாது. எவனாவது மைக்கைக் கீழ போட்டாலும் சரி, வாய வச்சு ஊதினாலும் சரி, இது தாங்கிக்கிடும். அவ்வளவுதான் இதோட வேலை. ஆனா இதுக்கு முன்னாடி ஒன்னு வாங்கினேன் பாருங்க, அந்தப் பெட்டியால ஒரு நல்ல பாட்டுக்காரி வீட்டுல உக்காந்துட்டா. இப்ப அவ வீட்டுக்குத்தான் போறேன். அடுத்த மாசம் எப்படியாவது அவளை மேடையேத்தணும். யாரையும் குத்தம் சொல்றதுக்காக நான் பேசல சார். நடந்ததச் சொல்றேன், நீங்களே கேட்டுக்கங்க.

தமயந்தின்னு பேரு. எங்க தேன்சிட்டு இன்னிசைக் குழுவுல இருபது வருசமாப் பாடினா. இப்ப அவளுக்கு நாப்பத்திரண்டு வயசு. புருசன் திருப்பூர்ல பனியன் கம்பெனியில, ஆறு மாசத்துக்கு ஒரு தடவ வருவான், பணம் மட்டும் அதுக்கும் கம்மியா வரும். வீடு ஓடினது அவ பாட்டுலதான். என்னை அண்ணேம்பா. வாய் ஜாஸ்தி. "அண்ணே, உங்க காதுக்கு மட்டும் ஒரு வாய் இருந்துச்சுன்னா ஊர்ல ஒருத்தன் நிம்மதியா இருக்க முடியாது"ம்பா. சிரிச்சுக்கிட்டே சொல்லுவா. ஆனா குரல் இருக்கு பாருங்க... மேல போகும் சார். மேல போய் அங்க நின்னு, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மெதுவா ஒரு ஆட்டு ஆட்டுவா. சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற மிக்ஸர்ல நான் கையே வைக்க மாட்டேன். அந்த இடத்துல கை வைக்கிறது பாவம்.

அவளுக்குத் தொண்டை கட்ட ஆரம்பிச்சுச்சு. மேடையில டிரம்ஸ், பேஸ் எல்லாத்துக்கும் நடுவுல அவ குரல் அவளுக்கே கேக்காது, கேக்கலைன்னு இன்னும் கத்துவா. அப்பத்தான் எங்க கீபோர்டுக்காரன் ஜெரால்டு ஒரு யோசனை சொன்னான். இப்பல்லாம் பாடுறவங்க காதுல ஒன்னு மாட்டிக்கிறாங்கல்ல, இடுப்புல ஒரு டப்பா, காதுக்குள்ள ஒரு குமிழ், அவங்க குரல் நேரா அவங்க காதுக்கே வந்துரும். அதை வாங்கலாம்னான். தமயந்தி சீட்டு எடுத்து அவளே வாங்கிட்டா. வலது காதுல மட்டும் மாட்டுவா, இடது காதை டிரம்ஸுக்கு விட்டுருவா.

எனக்கு அது பிடிக்கவே இல்ல. அவளுக்கு என்ன கேக்கணும்னு இருபது வருசமா நான் பாத்துக்கிட்டு இருக்கேன், நடுவுல குமிழ் எதுக்கு? ஆனா ஜெரால்டு ஒன்னு சொன்னான்: "அண்ணே, இது காதுக்குள்ள இருக்கற ஸ்பீக்கர். வெளிய ஒரு கத்து கத்துனா ஜனம் காதைப் பொத்திக்கிடும். இவங்க எதைப் பொத்துவாங்க? லிமிட்டர் இல்லாம நான் இவங்களை மாட்ட விட மாட்டேன்."

"என் காது இருக்கும்போது லிமிட்டர் எதுக்குடா?"ன்னேன்.

"உங்க காது கேட்டு, உங்க மூளைக்குப் போய், உங்க கை பட்டனுக்கு வர்றதுக்குள்ள அவங்க காது செத்துரும்ணே"ன்னான்.

மரியாதை தெரியாத பய. ஆனா விவரம் உள்ளவன், அதை ஒத்துக்கிறேன்.

சரின்னு மதுரைக்குப் போனேன். டவுன்ஹால் ரோட்டுக்குப் பின்னால ஒரு சந்துல கடை. சிக்கந்தர் பாய்னு ஒருத்தர் கல்லாவுல இருப்பாரு, நல்ல மனுசன், விக்கிறதுக்காகப் பேச மாட்டாரு. "பாய், கையில காசு கம்மி, கொறஞ்ச விலையில நல்லதா ஒரு லிமிட்டர் குடுங்க"ன்னேன். எதுக்குன்னு கேட்டாரு. காது குமிழுக்குன்னேன். அப்ப ரெண்டு பெட்டி எடுத்து வச்சாரு.

ஒன்னு சின்னது. கையகலம். முன்னால ஒரே ஒரு திருகு, ஒரு பொட்டு லைட்டு. பாக்க சோப்பு டப்பா மாதிரி இருந்துச்சு. இன்னொன்னு நல்ல அகலம், பெட்டியெல்லாம் அடுக்குற ரேக்குல ஒரு தட்டு முழுக்க அடைக்கும். முன்னால பன்னிரண்டு திருகு, ரெண்டு வரிசையா லைட்டு. பச்சை, மஞ்சள், சிவப்பு. கரண்ட்ல சொருகிக் காட்டினாரு. பாட்டு ஓட ஓட அந்த லைட்டு ஏறி இறங்குச்சு பாருங்க, தேர் வர்ற மாதிரி இருந்துச்சு.

பாய் சொன்னாரு: "மாடக்கண்ணு, பெருசுல எல்லாம் இருக்கு. ஆனா அது பெரிய ஸ்பீக்கருக்குன்னு செஞ்சது. சத்தம் வந்த பிறகு ஒரு நொடி யோசிச்சுட்டுப் பிடிக்கும். சின்னது யோசிக்காது. காதுக்குன்னா சின்னதை எடு. விலையும் பெரிய வித்தியாசம் இல்ல, சின்னது முந்நூறு கூட."

இப்ப நீங்க கேப்பீங்க, ஏன்யா சின்னதை எடுக்கலைன்னு. உங்களுக்கு எங்க தொழில் தெரியாது சார். கோயில் பொங்கல் கமிட்டிக்காரங்க ரேட்டு பேசுறதுக்கு முன்னாடி 'செட்டு பாக்க' வருவாங்க. நாலு பேரு வருவாங்க, கையைப் பின்னால கட்டிக்கிட்டு. பாட்டைப் போட்டுக் காட்டினா காது குடுத்துக் கேக்க மாட்டாங்க. ரேக்குக்கு முன்னால வந்து நிப்பாங்க. லைட்டைத்தான் எண்ணுவாங்க. "என்ன மாடக்கண்ணு, போன வருசம் தென்காசியில இருந்து வந்தவன் ஏரோப்ளேன் மாதிரி வச்சிருந்தான். உன்னுது என்ன கரண்ட் போன வீடு மாதிரி இருக்கு?"ம்பாங்க. ரேக்குல எவ்வளவு மினுங்குதோ அவ்வளவு ரேட்டு. அவங்ககிட்டப் போய் இந்த சோப்பு டப்பா யோசிக்காம பிடிக்கும்னு சொல்லவா முடியும்?

கையில காசு கம்மி சார். ஏழை எடுக்குற முடிவு அப்படித்தான் இருக்கும். பெருசை எடுத்தேன். மிச்சத்துக்கு ரேக்குக்குள்ள ஒட்டுறதுக்கு நீலக் கலர் எல்.ஈ.டி. பட்டை ஒரு சுருளு எடுத்துக்கிட்டேன். அது எழுநூறோ என்னமோ.

பாய் கட்டிக் குடுத்தாரு. அவரும் ஒரு வார்த்தை அழுத்திச் சொல்லியிருக்கலாம்ல? அதான் நான் சொல்றது, இதுல எல்லாருக்கும் பங்கு இருக்கு.

ஜெரால்டு பெட்டியைப் பாத்துட்டுச் சிரிச்சான். "அண்ணே, நீங்க லிமிட்டர் வாங்கல. கல்யாண வீட்டு சீரியல் செட்டு வாங்கியிருக்கீங்க"ன்னான். ஆனா அவனே உக்காந்து திருகெல்லாம் திருகி அளவு வச்சுக் குடுத்தான். தமயந்தி மாட்டிப் பாடிப் பாத்தா. பாடி முடிச்சிட்டு, "அண்ணே, இருபது வருசத்துல இன்னைக்குத்தான் காது நிம்மதியா இருக்கு"ன்னா. கண்ணு கலங்கிருச்சு அவளுக்கு. எனக்கு அந்த வார்த்தை கொஞ்சம் சுருக்குன்னுதான் இருந்துச்சு. அப்ப இருபது வருசமா நான் என்ன செஞ்சேன்?

நாலு மாசம் ஓடுச்சு. ரேட்டும் கூடுச்சு, பொய் சொல்லக் கூடாது. கமிட்டிக்காரங்க ரேக்கைப் பாத்துட்டு வாயத் திறக்காம வெத்தலை பாக்கு மாத்திட்டுப் போனாங்க.

ஒரே ஒரு குறை. எனக்கு மட்டும் தெரிஞ்ச குறை. அவ காதுக்குப் போற சத்தத்தை நானும் ஒரு ஹெட்போன் வச்சுக் கேப்பேன். அவ மேல போவா பாருங்க, நான் சொன்னேனே, அந்த இடம், அங்க இந்தப் பெட்டி அமுக்கும். கொதிக்கிற பானையை மூடி வச்ச மாதிரி. குரல் மேல வர வர மூடி கீழ வரும். எனக்குத் தாங்காது சார். இவ்வளவு அழகா ஒன்னு பாடுறா, ஊர் முழுக்கக் கேக்குது, அவளுக்கு மட்டும் அது நசுங்கிப் போய்க் கேக்குதேன்னு இருக்கும். அவளுக்கு அது தெரியாது. அவ நல்லா இருக்குங்கிறா. அவளுக்கு என்ன தெரியும், அவ பாடுறவ. கேக்குறவன் நான்.

நத்தக்காட்டுல காளியம்மன் பொங்கல். கடைசி நாள், மஞ்சள் நீராட்டு முடிஞ்சு சாயங்காலம் அஞ்சு மணிக்கு நம்ம கச்சேரி. வெயில் இன்னும் இறங்கல. ஜனமெல்லாம் மஞ்சள் தண்ணி காயாம அப்படியே வந்து உக்காந்திருக்கு. தமயந்தி ஒரு பட்டுச்சேலை கட்டியிருந்தா, கமிட்டியில குடுத்தது. ஏழாவது பாட்டோ எட்டாவது பாட்டோ, அவளோட பெரிய பாட்டு. ஊரு ஊருக்கு அதைத்தான் கேப்பாங்க.

அந்த ஊர்க் கமிட்டித் தலைவர் பரமானந்தம்னு ஒரு ஆளு. அவருக்கு ஒரு பழக்கம். எல்லா ஊர்லயும் உண்டு இது. பாட்டு நடுவுல மைக்கைப் பிடிச்சு, "இந்தப் பாடலுக்கு ஆயிரத்து ஒரு ரூபாய் அன்பளிப்பு வழங்குபவர், நமது மண்ணின் மைந்தர்"னு ஆரம்பிச்சிருவாங்க. பாடுறவங்க பாடிக்கிட்டே இருக்கணும். அவருக்குன்னு தனியா ஒரு மைக் வேணும்பாரு. குடுக்காட்டிக் கோவிச்சுக்கிடுவாரு. குடுத்துதான் வச்சிருந்தேன்.

தமயந்தி மேல போனா. நான் ஹெட்போன்ல கேக்குறேன். அன்னைக்குக் குரல் எப்படி இருந்துச்சுங்கிறீங்க? இருபது வருசத்துல அப்படி ஒரு நாள் இல்ல. அந்த மூடி கீழ வருது. பரமானந்தம் மைக்கோட மேடைக்கு முன்னால இறங்கி நடந்து, பெரிய ஸ்பீக்கருக்கு நேரா வந்து நின்னுக்கிட்டு, மைக் வேலை செய்யுதான்னு பாக்க வாயை வச்சு "ஃபூ"ன்னு ஊதினாரு. அவ்வளவுதான். கூவிருச்சு சார். மைக்குல போனது ஸ்பீக்கர்ல வந்து, ஸ்பீக்கர்ல வந்தது திரும்ப மைக்குல போயி, கத்தின கத்துல காக்காயெல்லாம் புளியமரத்துல இருந்து எந்திரிச்சிருச்சு. ஜனம் காதைப் பொத்துச்சு. தமயந்தி மைக்கு வழியா அது அவ காதுக்குள்ளயும் போயிருச்சு. நான் ரெண்டு நொடியில இறக்கிட்டேன். ரெண்டு நொடிதான். என் கை அவ்வளவு வேகம்.

தமயந்தி உக்காந்துட்டா. விழல, உக்காந்தா. மைக்கைப் பத்திரமாக் கீழ வச்சிட்டு, வலது காதுல இருந்து குமிழைப் பிடுங்கிப் பாத்தா. பாம்பா பூச்சியான்னு பாக்குற மாதிரி பாத்தா.

பெட்டி பிடிக்கல சார். பாய் சொன்னாருல்ல, யோசிச்சுட்டுப் பிடிக்கும்னு. கொறஞ்ச விலைப் பெட்டி. நான் எல்லார்கிட்டயும் அதைத்தான் சொன்னேன். கமிட்டியில சொன்னேன், அவ புருசன் போன் பண்ணினான், அவன்கிட்டயும் சொன்னேன். பாய் கடைக்குப் போய் நாலு பேரு முன்னால சத்தமும் போட்டேன், இப்படிப் பெட்டியை விக்கலாமான்னு. அவர் டீ வாங்கிக் குடுத்தாரு.

டாக்டர் வலது காது நரம்பு போயிருச்சுன்னாரு. உள்ள ஒரு விசில் சத்தம் மட்டும் நிக்காம இருக்கும், அது போகாதுன்னாரு. நான் ஆஸ்பத்திரிக்குப் போனப்ப அவ சுவரைப் பாத்துப் படுத்திருந்தா. நான் பக்கத்துல உக்காந்து, "தாயி, அந்த விசிலு எந்த ஸ்ருதியில கேக்குது, ஒரு தடவ பாடிக் காட்டு"ன்னேன். திரும்பிப் பாத்தா. ரொம்ப நேரம் பாத்தா. அப்புறம் மெதுவா 'ம்ம்ம்'னா. அச்சு அசல் சார். நத்தக்காட்டுல ஸ்பீக்கர் கூவுன அதே இடம். ஒரு மயிரிழை மாறல. நான்தான் சொல்றேன்ல, அவளுக்கு அப்படி ஒரு ஞானம். "அதேதான்மா! அதே ஸ்ருதி!"ன்னு சொல்லிட்டேன். சந்தோசத்துல இல்ல, ஒரு ஆச்சரியத்துல.

அவ ஒன்னே ஒன்னு கேட்டா. "அண்ணே, அப்ப பெட்டி ஓடிச்சா?"

"லைட்டு ஆடுச்சும்மா"ன்னேன். பொய் இல்ல சார். ரெண்டு வரிசையும் ஆடிக்கிட்டுத்தான் இருந்துச்சு.

"ம்"னுட்டு திரும்பிப் படுத்துக்கிட்டா.

ஜெரால்டுக்குத்தான் வேற வேலை இல்ல. பெட்டியை அவன் எடுத்துட்டுப் போய், ஒரு வாரம் வச்சு நோண்டிட்டு வந்தான். "அண்ணே, பெட்டி நல்லா இருக்கு. லேட்டாத்தான் பிடிக்குது, ஆனா பிடிக்குது. அந்தக் கூவல்ல முதல் துண்டு போயிருந்தாலும் மிச்ச ரெண்டு நொடியும் பிடிச்சிருக்கணும். அவங்க காதுக்கு முழுசாப் போயிருக்கு"ன்னான். அப்புறம் என் முகத்தைப் பாத்தான். "பைபாஸ் பட்டன் உள்ள இருந்துச்சா, வெளிய இருந்துச்சா?"

பைபாஸ்னா என்னன்னா சார், பெட்டியில ஒரு பட்டன். நம்ம பைபாஸ் ரோடு மாதிரிதான். அமுக்கிட்டா சத்தம் பெட்டிக்குள்ள போகாம சுத்திக்கிட்டு நேரா போயிரும். லைட்டு என்னமோ பாட்டுக்கு ஆடிக்கிட்டேதான் இருக்கும், வெளிய இருந்து பாத்தா ஒன்னும் தெரியாது.

அந்த ஒரு பாட்டுக்குத்தான் சார். அதுவும் முழுப் பாட்டுக்கு இல்ல, அந்த மேல் இடம் வர்ற வரைக்கும் சத்தம் பெட்டிக்குள்ளதான் போச்சு. அவளுக்கு அவ குரலை ஒரு தடவ முழுசா, மூடி இல்லாம கேக்க விடணும்னு இருந்துச்சு எனக்கு. இருபது வருசம் பாடுறா, ஒரு நாளாவது நான் கேக்குற மாதிரி அவளும் கேக்க வேண்டாமா? நல்லதுக்குச் செஞ்சது. அமுக்கினதும் அவளுக்குத் தெரிஞ்சிருச்சு, அதைச் சொல்லணும். பாடிக்கிட்டே சட்டுன்னு என் பக்கம் திரும்பினா. புருவத்தைத் தூக்கினா. நான் ஒன்னுமில்ல, நான் பாத்துக்கிறேன், நீ பாடுன்னு தலையை ஆட்டினேன். அவளும் நம்பித் திரும்பிட்டா. அதுக்கு அப்புறம் பாடினதுதான் சார் நான் சொன்னது, அந்த இருபது வருசத்துல இல்லாதது. கேட்டிருக்கா அவ. அவ காதுக்கு அது போயிருக்கு. அந்தப் புண்ணியத்தை யாரும் நினைக்க மாட்டேங்கிறாங்க.

பரமானந்தம் ஊதுவாருன்னு எனக்கு ஜோசியமா தெரியும்?

ஜெரால்டுகிட்ட, "நீ கீபோர்டைப் பாரு"ன்னேன். அவன் அன்னைக்கே சாமானைக் கட்டிக்கிட்டுப் போயிட்டான். போன கையோட தமயந்தி வீட்டுக்கும் போயிருக்கான்னு பின்னால கேள்விப்பட்டேன். என்ன பேசினான்னு தெரியாது. நல்லா விசாரிச்சிருப்பான், பாசக்காரப் பய.

இப்ப அவ சேலைக்கு ஓரம் அடிக்கிறா. பாடிப் பாத்திருக்கா, ஒரு நூல் கீழ கீழ போகுதாம். காதுக்குள்ள வேற ஒரு சத்தம் ஓடும்போது எதைப் பிடிச்சுப் பாடுவா? நான் மாசாமாசம் போய்ப் பாத்துட்டுத்தான் இருக்கேன். விட்டுட மாட்டேன் சார், நான் அப்படிப்பட்ட ஆள் இல்ல. பழம், ஹார்லிக்ஸ், ஏதாவது வாங்கிட்டுப் போவேன். ஆனா பாவம், காது சுத்தமாக் கேக்க மாட்டேங்குது அவளுக்கு. கேட்டுல நின்னு "தமயந்தி, அண்ணன் வந்திருக்கேன்"னு கூப்பிடுவேன். உள்ள தையல் மிஷின் ஓடிக்கிட்டு இருக்கும். நான் கூப்பிட்டதும் நின்னுரும். நூல் அறுந்துருக்கும். அரை மணி நேரம் நிப்பேன், அவ்வளவு நேரமும் நூல் கோக்குறா. கண்ணும் மங்கிருச்சு போல. பழத்தைக் கேட்டுல மாட்டிட்டு நான் ரோட்டுக்கு வந்து திரும்பினதும் மிஷின் ஓட ஆரம்பிச்சிரும். எனக்குக் கேக்கும், தெரு முனை வரைக்கும் கேக்கும்.

ஆனா பாருங்க, பால்காரன் மணி அடிச்சா உடனே வாரா. ஒரு தடவ நானே பாத்தேன். அவனுக்குக் கீச்சுக் குரல். அடிபட்ட காதுக்குக் கீச்சுக் குரல்தான் கேக்கும், என் குரல் கட்டைக் குரல், அது ஏறாது. டாக்டர் தலைகீழாச் சொன்னாரு, கீச்சுச் சத்தம்தான் முதல்ல போகும்னு. படிச்சவங்க படிச்சதைச் சொல்லுவாங்க. நான் கண்ணால பாத்ததைச் சொல்றேன்.

என்ன கேட்டீங்க? பட்டன் விசயத்தை அவகிட்டச் சொல்லிட்டேனான்னா? அதை எதுக்கு சார் சொல்லிக்கிட்டு. ஏற்கனவே நொந்து போயிருக்கா. பெட்டி கெட்டுப்போச்சுன்னா மனசு ஆறிரும். அண்ணன் செஞ்சான்னா ஆறுமா? அவளுக்காகத்தான் நான் வாயை மூடிக்கிட்டு இருக்கேன்.

இப்ப எதுக்குப் போறேன்னா, அவ ஊர்லயே அடுத்த மாசம் பொங்கல். கமிட்டியில தீர்மானமாச் சொல்லிட்டாங்க, தமயந்தி பாடினாத்தான் உனக்குச் செட்டு, இல்லைன்னா தென்காசிக்காரன்னு. எனக்கு இந்த வருசம் இருக்குறது அந்த ஒரு ஊரு. வெத்தலை பாக்கு மாத்திட்டேன், அவ பாடுறான்னும் சொல்லிட்டேன். அதுக்குத்தான் இந்தச் சின்னப் பெட்டி. கடைசியில அந்த சோப்பு டப்பாவையே வாங்கிட்டேன் பாருங்க. பாய் துடைச்சுக் குடுத்தாரு. இது யோசிக்காது, டக்குன்னு பிடிக்கும். இடது காது அவளுக்கு நல்லாத்தானே இருக்கு. குமிழை அந்தப் பக்கம் மாத்திக்கிட வேண்டியதுதான். கேக்குறதுக்கு ஒரு காது போதும். நான் இருக்கேன்ல பக்கத்துல.

இதுலயும் பட்டன் இருக்கான்னு பாக்குறீங்களா? இருக்கும் சார். எல்லாப் பெட்டியிலயும் இருக்கும். இல்லாம எப்படி?

ஏன் சார் அப்படிப் பாக்குறீங்க? தொட மாட்டேன். அவ மேல போகும்போது மூடி விழாம இருந்தா நான் ஏன் தொடப் போறேன்?

அந்தா தெரியுது பாருங்க தண்ணி டேங்கு, அதுதான் வெள்ளிமலைப்பட்டி விலக்கு. நான் இறங்கணும். நீங்க இன்னும் போகணுமோ? ஸ்ரீவில்லிபுத்தூரா? அவசரமா? இல்ல... ஒரு சின்ன உபகாரம், தப்பா நினைக்காதீங்க. இங்க இருந்து ரெண்டு தெருதான் அவ வீடு. பின்னால அரை மணிக்கு ஒரு வண்டி இருக்கு, நானே ஏத்தி விடுறேன், டிக்கெட்டும் நானே எடுத்துருவேன். நீங்க கேட்டு முன்னால நின்னு ஒரு தடவ கூப்பிட்டுக் குடுங்க. பாடச் சொல்லியெல்லாம் கேக்க வேண்டாம், வெறுமனே கூப்பிடுங்க. கொரியர் வந்திருக்குன்னு சொல்லுங்க போதும். உங்க குரல் நல்லா இருக்கு சார், புதுக் குரல், அவ காதுக்குக் கேக்கும். நான் பக்கத்து வீட்டுச் சுவருக்கு இந்தப் பக்கம் நின்னுக்கிறேன்.

கதவைத் திறந்து அவ வெளிய கால் வைக்கிற வரைக்கும், என் பேரை மட்டும் சொல்லிராதீங்க.